மாமன் சொல்றேன், நல்லா அலசு

வா மாப்ளே, உக்காரு. இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்து அடிச்ச கையோட டேங்கை வாய்க்கால்ல போட்டு அலசினியாமே? நல்ல காரியம். இனிமே வலை வேணாம், தூண்டில் வேணாம், மண்புழு தோண்ட வேணாம். நீ அலசிவிட்டாப் போதும், கெண்டையும் அயிரையும் தானா வயித்தைக் காட்டிக்கிட்டு மிதந்து வரும். இந்த வித்தை தெரியாம எங்கப்பன் ராத்திரியெல்லாம் பறி போட்டுக் காத்துக் கெடந்தாரு, பாவம்.

டப்பாவுல சிவப்பு முக்கோணம் இல்ல, பயம் இல்லேங்கறே. அந்த நிறம் யாருக்குன்னு பாத்தியா? 1971 விதிப்படி, எலி மாதிரிப் பிராணிக்கு வாய்வழியாக் குடுத்தும் தோல்ல தடவியும் பாத்துப் போட்டது. கெண்டையை யாரும் ஒரு வார்த்தை கேக்கல.

நீ அடிச்சது லாம்ப்டா சைஹாலோத்ரின். எலியோட ஈரல் அதைச் சீக்கிரம் உடைச்சு வெளியே தள்ளிடும். மீனோட ஈரலுக்கு அந்தச் சாமர்த்தியம் பத்தாது. போதாக்குறைக்கு, நாள் பூரா செவுள் வழியாத் தண்ணியை விட்டுக்கிட்டே இருக்கற ஜீவன். தண்ணியில உள்ளது நேரா ரத்தத்துக்குப் போயிடும். சோதனைத் தொட்டியில கெண்டை சாக லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம்கூடத் தேவைப்படல.

கணக்குல நீ புலியாச்சே, போடு. 5 சதவீத மருந்து ஏக்கருக்கு 100 மில்லின்னா அசல் சரக்கு 5 கிராம். ரெண்டு அங்குலம் தண்ணி கட்டின ஏக்கர்ல ரெண்டு லட்சம் லிட்டர் நிக்கும். அத்தனையும் கலந்தா லிட்டருக்கு 25 மைக்ரோகிராம். பெரும்பங்கு இலையிலயும் சேத்துலயும் ஒட்டிக்கிடுதோ, மீனுக்குக் கொஞ்சம் ஆயுசு. நீயோ வாய்க்கால்ல நேரா ஊத்தறே! எண்டோசல்பானும் மீனுக்கு இப்படித்தான் எமனா இருந்துச்சு. 2011ல உச்ச நீதிமன்றம் தடுத்த பெறகுதான் அடங்குச்சு.

மீனு போனா கொசுப்புழுவைத் தின்ன ஆள் ஏது? கொசுவத்தி வாங்குவே. அதுலயும் பெரும்பாலும் நீ அடிச்ச மருந்தோட குடும்பத்துச் சரக்குதான். கடைக்காரருக்கு ரெண்டு போகம், உனக்கு ஒண்ணு.

இப்பவாச்சும் கேளு. அடிக்கிறதுக்கு முன்ன மடையை அடை; அடிச்ச தண்ணியைச் சில நாள் வயல்லயே நிறுத்து. மழை கட்டியிருந்தா மருந்தைத் தொடாதே. டேங்கை அலசின தண்ணியையும் வயல்லயே அடிச்சுடு. மிதக்கற மீனைக் கொழம்பு வெக்கணும்னு மட்டும் அள்ளிக்கிட்டு வராதே, மாப்ளே. என் தங்கச்சி மகளையும் சேத்து சாப்பிடச் சொல்லுவே நீ.