ஒரே ஆண்டு, இரண்டு விண்வெளி ஆபத்துகள்

கேள்வி: 'ஆர்மகெடான்', 'டீப் இம்பாக்ட்' – இந்தப் படங்களில் எது உசத்தி?

பதில்: இரண்டுமே 1998-இல், இரண்டு மாத இடைவெளியில் வந்தவை. வசூலில் ஜெயித்தது 'ஆர்மகெடான்' நாயகன் புரூஸ் வில்லிஸ். பூமியை நோக்கி வரும் டெக்சாஸ் அளவுள்ள கல்லில் துளைபோட்டு ஒரே குண்டில் பிளக்கிறார். விறுவிறுப்புதான்; ஆனால் அவ்வளவு பெரிய கல்லுக்கு அந்தக் குண்டு யானைப் பசிக்குச் சோளப்பொரி!

என் ஓட்டு மிமி லெடர் இயக்கிய 'டீப் இம்பாக்ட்'டுக்கே. பார்வை போன இளம் விண்வெளி வீரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முதியவர் ராபர்ட் டுவால் 'மோபி டிக்' வாசித்துக் காட்டுவார். வால்மீன் மோதி, கடற்கரையில் அலை மலையாய் எழும்போது, மனஸ்தாபத்தில் இருந்த அப்பாவைக் கட்டிக்கொண்டு நிற்பாள் மகள். எத்தனை முறை பார்த்தாலும் தொண்டை அடைக்கும்.

நிஜத்தில் குண்டே இல்லாமல், 2022-இல் நாசாவின் 'டார்ட்' கலம் டைமார்ஃபஸ் என்ற குட்டிக் குறுங்கோள்மீது மோதி, அதன் சுற்றுக்காலத்தை அரைமணி நேரத்துக்கு மேல் குறைத்துவிட்டது. அதையும் யாராவது படமாக எடுங்களேன்!