தடுத்தாட்கொள்ளும் கலை

மதுரைத் தல்லாகுளத்தில் குடியிருக்கிறவனுக்கு ஒதுங்கிப் போகிற பழக்கம் வராது. கோரிப்பாளையம் சிக்னலில் எதிரே ஷேர் ஆட்டோ வந்தால் பிரேக்குக்குக் கால் போகாது. ஹாரனுக்குக் கை போகும். ஆட்டோக்காரரும் அடிப்பார். இரண்டு ஹாரனும் முட்டிக்கொண்டு நிற்க, கடைசியில் யாராவது ஒருவர் மனசு உடைந்து வழி விடுவார். இப்படி வளர்ந்தவனைக் கூப்பிட்டு, “எதிரி கோடரியை ஓங்கினால் குட்டிக்கரணம் போட்டுத் தப்பித்துக்கொள்” என்று ஒரு வீடியோ கேம் சொன்னால் எப்படி ஒட்டும்?

2011-இல் வந்த டார்க் சோல்ஸும் அதன் வாரிசுகளும் பெரும்பாலும் இதைத்தான் சொல்லிக்கொடுத்தன. மாவீரன் என்று பெயர், தலை முதல் கால் வரை இரும்புக் கவசம், கையில் ஆள் உயர வாள். பார்க்கிற வேலை என்னவோ தரையில் உருளுவது. அதிலும் எதிரியின் அடியைத் தட்டிவிடும் பேரி வித்தை உண்டுதான். ஆனால் நேரம் தப்பினால் முழு அடியும் நம் மேல் விழும் என்பதால், அது பந்தியில் பரிமாறாமல் சமையல்கட்டிலேயே இருந்துவிடும் பலகாரம் மாதிரி. தெரிந்தவர்கள் உள்ளே போய் எடுத்துச் சாப்பிடுவார்கள்; மற்றவர்கள் உருளுவார்கள்.

டார்க் சோல்ஸைச் செய்த அதே ஃபிரம்சாஃப்ட்வேர் கம்பெனி, அதே இயக்குநர் ஹிதேதாகா மியாசாகி, 2019 மார்ச்சில் ‘செகிரோ’ என்று ஒன்றை வெளியிட்டார்கள். அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு என்று கேம் அவார்ட்ஸ் விழாவில் பரிசு வாங்கியது; 2023-க்குள் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. என் வீட்டுக்கு அது வந்த வழி வேறு. தேர்வு நேரம் என்று அக்கா தன் மகனின் பிளேஸ்டேஷனைப் பரணில் ஏற்றப் பார்த்தாள். பெட்டி இரவோடு இரவாக மாமன் வீட்டில் அடைக்கலம் புகுந்தது. பெட்டியோடு மாப்பிள்ளையும் வந்து சேர்ந்தான். தேர்வு மட்டும் அக்கா வீட்டிலேயே இருந்துவிட்டது.

செகிரோவில் கதாநாயகன் ஒற்றைக் கை ஷினோபி, அதாவது நிஞ்ஜா. ஆரம்பத்திலேயே ஜெனிச்சிரோ என்பவன் அவனுடைய இடது கையை வெட்டிவிடுகிறான். கேடயம் தூக்கிக்கொண்டு திரியும் ஆளில்லை. எல்-1 பட்டனை அழுத்திப் பிடித்தால் வாளால் தடுக்கலாம். அடி வந்து படும் அந்தக் கணத்தில் சரியாகத் தட்டினால் ‘டங்’ என்று மணி அடித்த மாதிரி ஒரு சத்தம், ஆரஞ்சு நிறத்தில் பொறி. அதோடு எதிரிக்கு போஸ்சர் என்கிற நிலைப்பட்டை ஏறும். அது நிரம்பினால் அவன் தள்ளாடுவான். ஒரே குத்து, கதை முடிந்தது. அவன் உடம்பில் உயிர் எவ்வளவு மிச்சம் என்பது அப்போது கணக்கே இல்லை. நம் பட்டையும் ஏறும். ஆனால் நேரம் பார்த்துத் தட்டிக்கொண்டே இருந்தால், பட்டை விளிம்பைத் தொட்டாலும் நம் நிலை உடையாது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. எதிரிக்கு உயிர் நிறைய இருக்கும்போது நிலைப்பட்டை மளமளவென்று இறங்கிவிடும். உயிர் குறையக் குறைய மெதுவாகத்தான் இறங்கும். எனவே வெறுமனே தடுத்துக்கொண்டே நின்றாலும் ஆகாது, நடுநடுவே நாமும் நாலு போட்டு வைக்க வேண்டும். பயந்து பின்வாங்கினால் அவன் மூச்சு வாங்கித் தேறிக்கொள்வான். பதற்றத்தில் எல்-1-ஐ டொக்கு டொக்கென்று தட்டிக்கொண்டே இருந்தாலோ, சரியான தட்டு என்று ஒப்புக்கொள்ளும் நேரத்தையே கேம் குறுக்கிவிடும். அவசரக் குடுக்கைகளுக்கென்றே எழுதி வைத்த சட்டம்.

முதல் தடவை பார்த்தபோதே எனக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. இது ஜப்பான் சண்டை இல்லை, எம்.ஜி.ஆர்-நம்பியார் சண்டை. 1951-இல் ‘சர்வாதிகாரி’, 1965-இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ என்று அந்த இரண்டு பேரும் வாள் எடுத்தால் உடம்பில் வெட்டு விழுவது கடைசியில்தான். அதுவரை வாளோடு வாள் உரசும் சத்தம்தான் படம். கொட்டகையில் விசில் பறந்தது நம்பியார் அடி வாங்கியதற்கா? இல்லை. அவர் வெறி பிடித்து வீச வீச, தலைவர் சிரித்துக்கொண்டே தட்டித் தட்டி விட்டதற்கு. கேம் செய்கிறவர்கள் கண்டுபிடிக்க இத்தனை காலம் ஆன விஷயத்தை மதுரைத் தரை டிக்கெட் ரசிகன் எப்போதோ கண்டுபிடித்து வைத்திருந்தான்: அடிப்பதைவிட, அடிக்க வருகிறவனை அசிங்கப்படுத்துவதில்தான் சுகம்.

எங்கள் தெருவில் ஒரு சிலம்ப மாஸ்டர் இருக்கிறார். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்ததிலிருந்து அவர் நடையே மாறிவிட்டது. கூடவே பிள்ளைகள் கூட்டமும் கூடிவிட்டது. ஒரு நாள் தண்ணீர் மோட்டார் விஷயமாகப் பேச வந்தவர், டிவியைப் பார்த்துவிட்டு நின்றபடியே நின்றுவிட்டார். மாப்பிள்ளை அப்போது ஆஷினா கோட்டை உச்சியில் ஜெனிச்சிரோவிடம் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தான்.

“யாருப்பா இவன், வில்லும் கத்தியும் ஒண்ணா வச்சிருக்கான்?”

“ஜெனிச்சிரோ, மாஸ்டர். தாண்டவே விடமாட்டேங்கிறான்.”

“நீ எதப் பாத்து அடிக்கிற?”

“அவன் கத்தியத்தான்.”

“அது வர்றது தெரியுறதுக்குள்ள வந்துருமே. தோளப் பாரு. கத்திக்கு முன்னாடி தோளு கெளம்பும். அப்புறம் எதுக்கு அங்கிட்டு ஓடுற? தள்ளி நின்னா நுனி படும். நுனியிலதான்யா வேகம் அம்புட்டும். உள்ள போ.”

மாப்பிள்ளை உள்ளே போனான். டங், டங், டட்டடங். ஜெனிச்சிரோ எம்பிக் குதித்தான். சிவப்பில் ஒரு ஜப்பானிய எழுத்து மின்னியது. அடுத்து வருவது குத்தா, காலை வாரும் வீச்சா என்று கணத்தில் முடிவு செய்ய வேண்டும். வீச்சென்றால் எம்ப வேண்டும். குத்தென்றால் விலகும் பட்டனை அழுத்தி அவனை நோக்கியே போனால், குத்த வந்த ஆயுதத்தைக் காலால் மிதித்து அமுக்கலாம். மாப்பிள்ளை மிதித்தான். “அப்புடி!” என்றார் மாஸ்டர். மோட்டார் விஷயம் அத்தோடு போயிற்று.

இரண்டு உயிரையும் இழந்த ஜெனிச்சிரோ சாகவில்லை. கவசத்தைக் கழற்றிவிட்டு வெற்றுடம்போடு எழுந்தான். மாஸ்டர் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். “சட்டையக் கழட்டிட்டானா? அப்ப இனிமேத்தான் சண்ட.” அவன் வாளில் மின்னலை இறக்கி வீசினான். அந்த மின்னலை அந்தரத்தில் வாங்கி, கால் தரையில் படுவதற்குள் அவன் மேலேயே திருப்பி விடலாம் என்று மாப்பிள்ளை விளக்கினான். மாஸ்டர் கொஞ்ச நேரம் யோசித்தார். “அது எங்க பாடத்துல இல்ல” என்று எழுந்து போய்விட்டார்.

மின்னலை விடுங்கள். அவர் சொன்ன தோள் விஷயம்தான் இந்த வகைக் கேமுக்கு உயிர். எதிரி அடிக்கப் போவதை நேர்மையாகச் சொல்லிவிட்டு அடிக்க வேண்டும். சொல்லிவிட்டு அடிப்பவனிடம் அடி வாங்கினால் தப்பு நம்மேல், மறுபடி போவோம். 2022-இல் வந்த எல்டன் ரிங்கில் சில பெருந்தலைகள் கையை ஓங்கிவிட்டு, ஓங்கிய கையோடு யோசித்துக்கொண்டு நிற்பார்கள். நாம் தட்டி முடித்து மூச்சு விட்ட பிறகு ஆற அமர இறக்குவார்கள். இது வீரமில்லை, ஏய்ப்பு. மற்றபடி எல்டன் ரிங் பெரிய படைப்பு என்பதில் எனக்கு மறுப்பில்லை.

தட்டிவிடும் வித்தை உச்சத்துக்குப் போனால் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் 2004-இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஈவோ என்கிற சண்டை கேம் போட்டியின் வீடியோவைத் தேடிப் பாருங்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3. ஜப்பானின் டைகோ உமெஹாரா, அமெரிக்காவின் ஜஸ்டின் வாங். டைகோவின் ஆளுக்கு உயிர் ஒரு துளி. சாதாரணமாகத் தடுத்தாலே அந்தத் துளியும் சிந்திவிடும். எதிரில் ஜஸ்டின் ஆடும் சுன்-லி பதினைந்து உதைகளை அடுக்கிக்கொண்டு பாய்கிறாள். அந்தக் கேமில் பேரி செய்யப் பின்னால் இழுக்கக் கூடாது. உதை வரும் திசையை நோக்கி முன்னால் தட்ட வேண்டும். பதினைந்தையும் தட்டினார், திருப்பி அடித்தார், அந்த ஆட்டத்தை எடுத்தார். அரங்கம் எழுப்பிய கூச்சல் நம் ஊர் முதல் நாள் முதல் காட்சிக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

எல்லாவற்றையும் தட்டிவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். செகிரோவிலேயே ஒரு ராட்சதக் குரங்கு வருகிறது. அது சாணியை எடுத்து எறியும். எந்தச் சாஸ்திரப்படி அதை வாளால் தடுப்பது? தலையை வெட்டிய பிறகும், வெட்டிய தலையைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து வரும். நெருப்புக் கையோடு ஒரு பூதமும் உண்டு. அதனிடம் வாள் வித்தையைவிட ஓட்டப்பந்தயம்தான் அதிகம். எதிரில் நிற்பவன் கையில் வாளும், மனதில் கொஞ்சம் மரியாதையும் இருந்தால்தான் பேரி இனிக்கும். வாளில்லாத மிருகத்திடம் இந்தக் கேமே தன் இலக்கணத்தை மறந்துவிடுகிறது.

இன்னொரு கொடுமை, நாம் அடிக்கடி செத்தால் கதையில் நமக்கு உதவிய நல்லவர்களுக்கெல்லாம் இருமல் நோய் வருகிறது. மாப்பிள்ளை புண்ணியத்தில் ஆஷினா நாடே லொக்கு லொக்கென்று இருமிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டு, காற்று சரியில்லை போல என்று பக்கத்து வீட்டு அம்மா கஷாயம் கொடுத்தனுப்பினார். நான்தான் குடித்தேன்.

என் தீர்ப்பு இதுதான். கடினமான கேமைத் திருப்தியாக்குவது அதன் கடினம் அல்ல. அடிக்க வருபவனின் தாளத்தை நம் கை பிடித்துக்கொள்ளும் அந்த நிமிஷம். ஓரமாக ஒரு பேரியை வைத்துவிட்டு உருளச் சொல்லும் கேமுக்கு அது வராது. பேரியையே சாப்பாடாகப் போடும் கேமுக்கு மட்டும்தான் வரும். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் நேராகக் கோட்டை ஏறாதீர்கள். பாழடைந்த கோயில் வாசலில் ஹான்பே என்று சாவே வராத ஒருவர் நின்றுகொண்டிருப்பார். எத்தனை தடவை வேண்டுமானாலும் வெட்டிப் பழகலாம், கோபித்துக்கொள்ள மாட்டார். கை பழகும் வரை அவரிடமே இருங்கள். தேர்வு இருக்கிறவர்கள் முடித்துவிட்டு வாங்க.