கரண்டியா, பறவையா?

ருமேனியாவில் ஹோபிட்சா என்ற குக்கிராமத்தில் 1876-இல் பிறந்த கான்ஸ்டான்டின் பிரான்குஷ், ஆடு மேய்த்தார், மரம் செதுக்கக் கற்றார், 1904-இல் பெரும்பாலும் நடந்தே பாரிஸ் போய்ச் சேர்ந்தார். கலைத்தாகம் என்பார்கள். கையில் காசில்லை என்பது என் கட்சி.

1907-இல் ரோடானின் பட்டறையில் வேலை. ரோடான் அன்றைய சிற்ப உலகின் சூப்பர் ஸ்டார். களிமண்ணில் உருவம் பிடிப்பதோடு சரி, கல் கொத்துவதெல்லாம் உதவியாளர்கள் பாடு. நம்மவர் சில வாரங்களிலேயே கும்பிடு போட்டுவிட்டு வந்து, தானே உளியெடுத்து 'முத்தம்' செதுக்கினார். ரோடானின் 'முத்தம்' சிலையில் காதலர்கள் தசையும் நரம்புமாக உருகுவார்கள். இவருடைய ஜோடி ஒரே கல்கட்டி; நடுவே காற்றுக்கும் வழியில்லை.

பிறகு பளிங்கு, வெண்கலம், மரம். பொருள் மாற மாற மூக்கு, காது, கை, கால் ஒவ்வொன்றாக வேலையிழந்தன. 1920-இல் பாரிஸ் கண்காட்சியில் வைத்த 'இளவரசி எக்ஸ்' என்ற பளபள வெண்கலத்தில் யாருக்கும் இளவரசி தெரியவில்லை, வேறொன்று தெரிந்தது. என்னவென்று எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். சிலையை அப்புறப்படுத்தினார்கள்.

உச்சக்கட்டம் 1926, நியூயார்க் துறைமுகம். வந்திறங்கியது 'விண்ணில் பறவை'. சிறகு கிடையாது, அலகு கிடையாது, மெலிந்து நிமிர்ந்த வெண்கலம். கலைப்பொருளுக்கு வரியில்லை. சுங்க அதிகாரிகள் மேலும் கீழும் பார்த்துவிட்டு, 'சமையலறைச் சாமான், மருத்துவமனை உபகரணம்' என்ற இனத்தில் சேர்த்து 40 சதவீதம் கட்டச் சொன்னார்கள். இதை வைத்து எந்தக் குழம்பைக் கிண்டுவது, எந்த நோயாளிக்கு எங்கே சொருகுவது என்பதையும் சொல்லியிருக்கலாம். வழக்கு கோர்ட்டுக்குப் போனது. சிலையை வாங்கிய புகைப்படக் கலைஞர் ஸ்டைக்கனிடம், காட்டில் இதைப் பார்த்தால் சுடுவீரா என்றே விசாரித்தார்கள். மாட்டேன் என்றார். பறவையாகத் தெரியாவிட்டாலும் பார்க்க அழகாக இருக்கிறது, எனவே கலைதான் என்று 1928-இல் தீர்ப்பானது.

நம் இந்தூர் மகாராஜா யஷ்வந்த் ராவ் ஹோல்கர் அப்படியெல்லாம் சந்தேகப்படவில்லை. மூன்று பறவைகள் வாங்கினார், அவற்றுக்கு ஒரு கோயிலே கட்டித் தரச் சொன்னார். பிரான்குஷ் இந்தூர்வரை வந்தும் பார்த்தார். கோயில் எழவில்லை.

1938-இல் ருமேனியாவின் டிர்கு ஜியு நகரில் சுமார் 29 மீட்டர் உயரத்துக்கு வார்ப்பிரும்பில் 'முடிவிலாத் தூண்' நட்டார். 1950-களில் உள்ளூர் கம்யூனிஸ்ட் நிர்வாகம் டிராக்டர் கட்டி இழுத்துப் பார்த்தது. விழவில்லை. 2024-இல் யுனெஸ்கோ அந்தத் தூணையும் அதைச் சேர்ந்த சிற்பங்களையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.