சி டிரைவைத் தேடும் மாமா

அடுக்ககத்துக்கு ஒரு விண்டோஸ் மாமா உண்டு. ரிச்சி தெருவில் கடைகடையாக ஏறி இறங்கி, உதிரி பாகங்களைப் பேரம் பேசி வாங்கி, முதல் கம்ப்யூட்டரைத் தாமே பூட்டியவர். விண்டோஸ் 95-இல் தொடங்கி எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். விஸ்டாவையும் பார்த்தவர் என்பதால் இனி அவரை எதுவும் பயமுறுத்த முடியாது. கேஸ் கன்சூமர் நம்பர் கேட்டால் புத்தகத்தைத் தேடுவார். எக்ஸ்பியின் 25 எழுத்துச் சாவியைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார்.

எந்த வீட்டில் கம்ப்யூட்டர் படுத்தாலும் அவருக்குத்தான் அழைப்பு. ஸ்க்ரூ டிரைவரோடு வருவார். பெட்டியைத் திறந்து, ரேமைக் கழற்றி, அந்த வீட்டுப் பிள்ளையின் அழிரப்பரை வாங்கித் தேய்த்து, வாயால் ஊதித் திரும்பச் செருகுவார். உயிர் வந்துவிடும். (நிஜமாகவே வரும். பல நேரம் இணைப்பில் படிந்த அழுக்குதான் வியாதி.) வராவிட்டால், “ஃபார்மட் பண்ணிடலாம்” என்பார். அதற்குள் காபி வந்திருக்கும்.

இப்பேர்ப்பட்டவருக்கு பெங்களூர் மகள் ஒரு மேக்புக் வாங்கிக் கொடுத்தாள். மாமா முதலில் அதைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் ஐந்து இதழ்த் தலைகொண்ட திருகுகள். அவருடைய டிரைவர் செட்டில் எதுவும் பொருந்தவில்லை.

“ரேமை எப்படிம்மா கழட்டறது?”

“கழட்ட முடியாதுப்பா. சிப்போடயே சேர்ந்து வருது.”

“சரி, ஆன்டிவைரஸ் என்ன போடணும்?”

“ஒண்ணும் போட வேண்டாம்ப்பா. சும்மா யூஸ் பண்ணுங்க.”

சும்மா எப்படிப் பயன்படுத்துவது? முப்பது வருஷத்தில் அவர் அப்படிச் செய்ததே கிடையாது.

அடுத்து சி டிரைவைத் தேடினார். சி-யில் விண்டோஸ், டி-யில் பாட்டு, ஈ-யில் கல்யாண போட்டோ. சி போனாலும் டி பிழைக்கும் என்பது அவர் ஊருக்கெல்லாம் சொன்ன உபதேசம். இங்கே ‘மேக்கின்டாஷ் ஹெச்டி’ என்று ஒன்றே ஒன்று. “என்னம்மா இது, எல்லாரையும் ஒரே ரூம்ல படுக்க வெச்சிருக்கான்?”

கை பழகியதெல்லாம் இங்கே எதிரியாயிற்று. மூடும் பொத்தான் இடது மூலைக்குப் போய்விட்டது. சிவப்பை அழுத்தினால் ஜன்னல்தான் போகிறது. நிரல் கீழே ஒரு புள்ளியோடு உட்கார்ந்திருக்கிறது. கோப்பைத் திறக்க என்டர் தட்டினால் புதுப் பெயர் கேட்கிறது. கோப்பைக் ‘கட்’ செய்ய வழியில்லை. காப்பி எடுத்துப் போய், ஒட்டும்போது ஆப்ஷன் விசையையும் சேர்த்து அழுத்தினால்தான் இடம் மாறும். எடுத்துக்கொண்டு போவதா, நகல் போதுமா என்று போய்ச் சேர்ந்த இடத்தில் முடிவு செய்வதும் ஒரு நியாயம்தான். அதை மாமாவிடம் சொல்லும் தைரியம் எனக்கில்லை.

இவற்றையெல்லாம் மன்னித்திருப்பார். காலி டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து பார்த்த அன்றுதான் மனம் ஒடிந்தது. ரெஃப்ரெஷ் இல்லை! யோசனை வராதபோது நாலு ரெஃப்ரெஷ், போனில் பேசும்போது எட்டு ரெஃப்ரெஷ் என்று வாழ்ந்தவர். ரெஃப்ரெஷ் அடித்தால் கம்ப்யூட்டர் வேகமாகாது என்று எத்தனையோ பேர் சொல்லியாயிற்று. வேகம் யாருக்கு வேண்டும்?

நடுவில் இரண்டு சந்தோஷங்கள். பாட்டு வைத்திருந்த பழைய ஹார்ட் டிஸ்க் என்டிஎஃப்எஸ் வகை என்பதால், மேக் அதைப் படித்ததே தவிர எழுத மறுத்தது. “பாத்தியா, பாத்தியா!” என்று மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னொரு நாள் திரையில் வானவில் சக்கரம் சுற்றியது. “ஹேங் ஆயிடுச்சு!” என்று வீட்டையே கூப்பிட்டார். ஈரக் கையோடு மாமி வருவதற்குள் அது சரியாகிவிட்டது. அன்று மாமா சரியாகச் சாப்பிடவில்லை.

மேக்கிலேயே விண்டோஸைத் துவக்க உதவிய பூட் கேம்ப் 2006-இல் வந்தது. 2020-இல் ஆப்பிள் சொந்தச் சிப்புக்கு மாறியதும் அந்தக் கதவு அடைபட்டது. மாமா விடுவாரா? பேரலல்ஸ் என்ற மென்பொருளுக்குக் காசு கட்டி, மேக்குக்குள் விண்டோஸ் 11-ஐக் குடிவைத்தார். முழுத் திரைக்கு விரித்ததும் அது செய்த முதல் காரியம், கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு அப்டேட்டில் இறங்கியது.

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“யாரும் தொடாதீங்க, அப்டேட் ஆகுது! எவ்வளவு நேரமானாலும் நான் முழிச்சிருந்து பாத்துக்கறேன். எனக்கு ஒரு காபி மட்டும் வெச்சுட்டு நீங்கல்லாம் படுங்க.”