ஃபுல் ஃபிரேம்காரர்: அம்பகரத்தூர் வகை

ஃபுல் ஃபிரேம்காரர் என்பவர் 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் உள்ள ஒரு சென்சாருக்காகத் தம் சேமிப்பையோ தாய்மாமன் சேமிப்பையோ கரைத்தவர். வயது இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் நடுவில் இருக்கும். தொழில் எதுவாகவும் இருக்கலாம். கேமரா வந்த முதல் மாதத்தில் தொழில் இரண்டாம்பட்சம். பெருநகரங்களில் இவர் கூட்டமாகத் திரிவார், கூட்டத்தோடு போட்டி போடுவார். காரைக்கால் மாவட்டத்தில் திருநள்ளாறு கொம்யூனைச் சேர்ந்த அம்பகரத்தூர் மாதிரி ஊரில் பெரும்பாலும் தனியாகவே இருப்பார். அதனால் அவரைக் கூர்ந்து கவனிக்க வசதி அதிகம்.

அந்த 36-க்கு 24 என்ற அளவு டிஜிட்டல் காலத்துக்கு முந்தியது. சினிமாவுக்குச் செய்த ஃபிலிம் சுருளைப் புகைப்படத்துக்குப் பழக்கியவர் ஜெர்மனியின் ஆஸ்கர் பர்னாக். அவர் வடிவமைத்த லைக்கா 1925-இல் கடைக்கு வந்தது. அதன் ஃபிலிம் கட்டம்தான் பிறகு ‘ஃபுல்’ என்பதற்கு அளவுகோல் ஆயிற்று. 2002-இல் கான்டாக்ஸும் கேனனும் அதே அளவில் டிஜிட்டல் சென்சார் வைத்த கேமராக்களைக் கொண்டுவந்தன. 2005-இல் கேனன் 5டி, 2013-இல் உள்ளே கண்ணாடி இல்லாத சோனி ஏ7 என்று வரவர அது தனிமனிதர் கடன் வாங்கி அடையக்கூடிய தூரத்துக்கு இறங்கியது. சாதாரண டிஎஸ்எல்ஆரில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சாரைவிட இது பரப்பில் இரண்டேகால் மடங்குக்கும் மேல். இந்த எண்ணை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டாம், ஃபுல் ஃபிரேம்காரர் கேட்காமலே சொல்வார். பிரான்ஸ் 1839-இல் டாகேரின் புகைப்பட முறையை உலகுக்கு அறிவித்தபோது காரைக்காலும் பிரெஞ்சுக் கொடியின்கீழ்தான் இருந்தது என்பதைச் சொல்லி, இந்தக் கலையில் தம் ஊருக்கும் பங்கு உண்டு என்று நிறுவ முயல்பவர்களும் இவ்வகையில் உண்டு. பங்கு எவ்வளவு என்று கேட்டால் பேச்சு லென்ஸுக்குத் திரும்பிவிடும்.

கேமரா ஊர் வந்து சேர வழிகள் இரண்டு. ஒன்று, சென்னைக்குப் போய் வாங்குவது. பெட்ரோலும் பாட்டிலும் எல்லைக்கு இந்தப் பக்கம் மலிவு என்ற யூனியன் பிரதேசப் பெருமை இங்கே எடுபடாது; கேமராவுக்கு எந்தப் பக்கமும் 18 சதவீத ஜிஎஸ்டிதான். இன்னொன்று, பாரிஸ் மாமா. 1962 ஆகஸ்டில் பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் காரைக்காலில் பல. ‘சொல்தா’ என்ற பிரெஞ்சுப் படைவீரர் பென்ஷன் வாங்கிய தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் இன்று பாரிஸில் இருக்கிறார்கள். மாமா விடுமுறைக்கு வரும்போது சென்ட் பாட்டிலோடும் சாக்லேட்டோடும் கேமராவும் வருகிறது. கூடவே பிரெஞ்சில் ஒரு கையேடு. அதை வாசிக்கக்கூடியவர் வீட்டில் ஒரே ஆள், பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த தாத்தா. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பேட்டரியைத் தீயில் எறியக் கூடாது, குழந்தைக்கு எட்டும்படி வைக்கக் கூடாது, வியூஃபைண்டர் வழியே சூரியனைப் பார்க்கக் கூடாது என்று அரைமணி நேரம் வாசிப்பார். ஆட்டோ ஃபோகஸ் பகுதிக்கு வருமுன் மாத்திரை நேரம் வந்துவிடும். இருந்தாலும் அந்த வீட்டில் கையேட்டைப் படித்தவர் அவர் ஒருவர்தான்.

பெட்டி எந்தக் கிழமையில் வந்தாலும் சனிக்கிழமை பிரிக்கப்படுவதில்லை. சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். கேமராவின் உடம்பு மெக்னீசியக் கலவை. மெக்னீசியம் இரும்புக் கணக்கில் சேருமா என்ற கேள்விக்கு, திருநள்ளாற்றுச் சனீஸ்வரன் சன்னிதி இவ்வளவு பக்கத்தில் இருந்தும், யாரிடமும் உறுதியான பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பூ வைத்து, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டிப் பிரிப்பார்கள். கற்பூரப் புகை லென்ஸுக்கு ஆகாது என்று ஃபுல் ஃபிரேம்காரர் அப்போதே சொல்லத் தொடங்கியிருப்பார்.

முதல் வாரப் படங்களில் மனிதர்கள் இல்லை. தண்ணீர்ச் சொம்பு, கொடியில் காயும் துண்டு, திண்ணையில் தூங்கும் பூனை, எதிர்வீட்டுச் செங்கல் சுவர் இவைதான் இருக்கும். சுவர் எதற்கு என்றால், படத்தின் நான்கு மூலையும் கூர்மையாக விழுகிறதா என்று பார்ப்பதற்காம். எதிர்வீட்டுக்காரர் அளவு எடுக்கிறார்கள் என்று நினைத்துப் பத்திரத்தைத் தேடி வைத்துக்கொள்வார். பழைய கேமராவின் லென்ஸை இதில் பூட்டிப் பார்ப்பதும் இந்த வாரத்தில்தான். அந்த லென்ஸ் சின்ன சென்சாருக்குச் செய்தது, ஆகவே படத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழும். இல்லையென்றால் கேமராவே ஓரங்களை வெட்டி 24 மெகாபிக்சலைப் பத்தாகக் குறைத்துவிடும். புது லென்ஸ் வாங்கியாக வேண்டும் என்ற உண்மை இப்படித்தான் குடும்பத்துக்குத் தெரியவருகிறது.

இரண்டாம் வாரம் இருட்டைத் தேடிப் போவார். பெரிய சென்சார் ஐஎஸ்ஓ 6400-இலும் புள்ளி தட்டாமல் படம் எடுக்கும் என்பது இவர் வாங்கியதற்குச் சொன்ன காரணங்களில் தலையானது. ஆகவே ஊரில் கரண்ட் போனால் சந்தோஷப்படும் ஒரே ஆள் இவர். தெருவே விசிறியோடு திண்ணைக்கு வரும்போது இவர் கேமராவோடு வருவார். ஒற்றை எமர்ஜென்சி விளக்கின் வெளிச்சத்தில் தெருக்கோடிவரை எடுத்து, மறுநாள் டீக்கடையில் காட்டுவார். டீ மாஸ்டர் பார்த்துவிட்டு, “நல்லாருக்கு தம்பி, பகல்ல எடுத்ததா?” என்று கேட்பார். கேமராவுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. கேமராக்காரருக்கு இதைவிடப் பெரிய அடியும் கிடையாது. இருட்டில் எடுத்தது இருட்டில் எடுத்ததாகவே தெரியும்படி அதற்குப் பிறகு கொஞ்சம் கறுப்பாகவே எடுக்கத் தொடங்குவார்.

மனிதர்களை எடுக்கத் துணியும்போதுதான் ஊருக்கும் கேமராவுக்கும் உண்மையான தகராறு ஆரம்பிக்கிறது. ஃபுல் ஃபிரேமின் கவர்ச்சி, ஆளைக் கூர்மையாக நிறுத்திப் பின்னால் உள்ளதையெல்லாம் பஞ்சாகக் கரைத்துவிடுவது. 85 மில்லிமீட்டர் லென்ஸில் அப்பெர்ச்சரை எஃப் 1.8-க்குத் திறந்து ஒரு மீட்டர் தூரத்தில் ஒருவரை எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர். கண்ணில் ஃபோகஸ் பிடித்தால் மூக்கு நுனி அந்த எல்லைக்கு வெளியே போய்விடும். அத்தைக்கு மகன் வாங்கிக்கொடுத்த வைர மூக்குத்தி படத்தில் ஒரு வெள்ளைப் புகையாக விழுவதற்கு இதுதான் காரணம். “கல்லு தெரியலியேப்பா” என்பார் அத்தை. சரியென்று மூக்குத்தியில் ஃபோகஸ் வைத்தால் கல் பளீரென்று விழும், அத்தை கண் கலங்கியிருப்பார். அத்தை இரண்டாவது படத்தைத்தான் வைத்துக்கொள்வார்.

அத்தையாவது அருகில் நிற்கிறார். புதுவீட்டுக்காரர் நிலைமை இன்னும் மோசம். கிரகப்பிரவேசத்தன்று பட்டு வேட்டியோடு வாசலில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்கிறார். படத்தில் மீசையின் ஒவ்வொரு முடியும் எண்ணலாம். பின்னால் இளஞ்சிவப்பாக ஏதோ ஒரு மூட்டம்.

“வீடு எங்க தம்பி?”

“பின்னாடிதாண்ணே இருக்கு. ப்ளர் பண்ணிருக்கேன்.”

“ஏன், வீடு நல்லா இல்லியா?”

இதற்கு ஒளியியலில் பதில் உண்டு. பாங்கில் கடன் வாங்கிக் கட்டியவரிடம் சொல்லக்கூடிய பதில் இல்லை. பத்ரகாளியம்மன் கோயில் வாசலில் நேர்த்திக்கடன் முடித்து நிற்கும் குடும்பம், புது டிராக்டருக்கு முன் நிற்கும் சித்தப்பா, நாற்று நட்ட வயலைக் காட்டி நிற்கும் மிராசு என்று எல்லார் குறையும் ஒன்றுதான். ஊரில் யாரும் தம் முகத்துக்காகப் படம் எடுத்துக்கொள்வதில்லை. முகம் எப்படியிருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். எதற்கு முன்னால் நின்றோம், யாரோடு நின்றோம் என்பதற்குத்தான் படம். அந்தப் பின்னணியை அழிப்பதற்கென்றே ஒருவர் லட்சக்கணக்கில் செலவழித்திருக்கிறார் என்பதை அவர்களால் நம்ப முடிவதில்லை. கைபேசியின் சென்சார் சின்னது, அதனால் அது தானாகவே முன்னதையும் பின்னதையும் சேர்த்துத் தெளிவாக எடுத்துவிடுகிறது. கோயில் வாசலில் பத்தாம் வகுப்புப் பையன் எடுத்த கைபேசிப் படம் சட்டம் போட்டு மாட்டப்படுவதும், ஃபுல் ஃபிரேம் படம் “அப்புறம் அனுப்பு” என்று ஒதுக்கப்படுவதும் இதனால்தான்.

பரிகாரம் எளிது. 35 மில்லிமீட்டர் லென்ஸைப் பூட்டி, எஃப் 8 வைத்து, நான்கு மீட்டரில் ஃபோகஸை நிறுத்தினால் இரண்டேகால் மீட்டரிலிருந்து பதினெட்டு மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும்: அண்ணன், அண்ணி, வீடு, வீட்டு மாடியில் திருஷ்டிப் பூசணி, பக்கத்து வீட்டில் பல் துலக்கிக்கொண்டு எட்டிப் பார்ப்பவர் எல்லாருமே. ஃபுல் ஃபிரேம்காரருக்கும் இது தெரியும். தெரிந்தும் செய்யமாட்டார். எஃப் 8-இல் எடுப்பதென்றால் பழைய கேமராவே போதுமே என்று வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள் என்ற பயம். மாமா ஊரில் இருக்கும்வரை இந்தப் பயம் நீடிக்கும்.

இவருக்கு ஊர் ஒதுக்கும் வேலைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாஸ்போர்ட் சைஸ் படம், பெண் பார்க்க அனுப்பும் படம், காதுகுத்து, மஞ்சள் நீர், எல்லாம் இலவசம். கல்யாணத்துக்கு மட்டும் கூப்பிடமாட்டார்கள். அதற்கு ஸ்டுடியோவுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. “நீ ஃபிரீயா வந்து சாப்புடு தம்பி, கேமராவ வேணா எடுத்துக்க” என்பதுதான் அழைப்பு. மீண்டும் போடப்பட்ட பேரளம்–காரைக்கால் தண்டவாளத்தில் நண்பனை நடக்கவிட்டுப் படம் எடுக்கும் ஆசையும் வரும். அது ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி குற்றம் என்பதைச் சொல்லி வைப்பது இத்தகைய கட்டுரையின் கடமை.

ஆண்டில் ஒரு நாள் மட்டும் கேமரா தன் விலைக்கு நியாயம் செய்கிறது. ஆனிப் பௌர்ணமியில் காரைக்கால் அம்மையார் மாங்கனித் திருவிழா. பிட்சாடனர் வீதியுலா வரும்போது வீடுகளிலிருந்தும் மாடிகளிலிருந்தும் மாம்பழங்களை இறைப்பார்கள்; பிடித்துச் சாப்பிட்டால் பிள்ளை வரம் கிடைக்கும் என்று தம்பதிகள் முந்தானையை விரித்து நிற்பார்கள். ஆறு மீட்டர் உயர மாடியிலிருந்து விழும் பழம் கீழே வரும்போது விநாடிக்கு ஏறக்குறைய பதினொரு மீட்டர் வேகத்தில் இருக்கும். அறுபதில் ஒரு பங்கு விநாடி ஷட்டரில் அது பதினெட்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு மஞ்சள் கோடு; ஆயிரத்தில் ஒரு பங்கில் ஒரு சென்டிமீட்டர்தான் நகரும், காம்பும் கறையும் சேர்ந்து வானத்தில் அப்படியே நிற்கும். கணக்கு சரி. கூட்டம்தான் கணக்கில் அடங்காது. வியூஃபைண்டரில் ஒரு கண், மூடியது இன்னொரு கண் என்று நிற்பவரின் தலைக்கு நேரே எந்தப் பழம் வருகிறது என்பது அவருக்கு மட்டும் தெரியாது. பக்கத்தில் நிற்கும் பாட்டி, “படத்த விட்டுட்டுப் பழத்தப் புடிடா, கல்யாணமாயி மூணு வருஷமாச்சு” என்பார். அன்று எடுக்கும் நூற்றுக்கணக்கான படங்களில் இரண்டொன்று நிஜமாகவே அபாரமாக இருக்கும். பழம் கிடைத்ததா என்று வீட்டில் கேட்கும்போது அவற்றைக் காட்டக் கூடாது.

ஐப்பசி அடைமழை தொடங்கியதும் பயம் பூஞ்சை மேல் திரும்பும். கடலோரக் காற்றின் ஈரத்தில் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படரும். கவனிக்காவிட்டால் கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும். அம்மா யோசனை, அரிசி டிரம்முக்குள் வைப்பது. அரிசியின் தவிடும் தூசியும் கேமராவுக்குள் போகும் என்பதால் அது சரியில்லை. காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும்தான் வழி. வீட்டில் காற்றுப் புகாத டப்பா ஒன்றே ஒன்று, அதில் தீபாவளி முறுக்கு இருக்கிறது. முறுக்கு வெளியேற்றப்பட்டு இரண்டு நாளில் நமத்துப்போகும். அந்த வருஷத் தீபாவளியில் ஃபுல் ஃபிரேம்காரரின் பெயர் அடுப்படியில் எப்படி அடிபட்டது என்பதை இங்கே விவரிக்க இயலாது.

கடைசிக் கட்டம் படத்தை அனுப்புவது. சுருக்காத ‘ரா’ கோப்பு ஒன்றே பல பத்து எம்பி வரும்; வீட்டுக் கம்ப்யூட்டர் அதைத் திறக்குமுன் காபி குடித்துவிட்டு வரலாம். வண்ணம் சரிசெய்து, நேராக்கி, ஜேபெக் ஆக்கி, கேமரா வாங்கிக்கொடுத்த பாரிஸ் மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அது தன் பங்குக்கு இன்னொரு தடவை சுருக்கி, கைபேசிப் படத்துக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாதபடி கொண்டு சேர்க்கும். அதற்காக ஃபுல் ஃபிரேம்காரர் டாக்குமெண்டாக அனுப்புவார். மாமாவிடமிருந்து பதில் வரும்: “ஓப்பன் ஆவல தம்பி. சும்மா போட்டோவா அனுப்பு. அப்புடியே வீடு தெரியிற மாதிரி ஒண்ணு.”