மூன்று அமைச்சகங்களின் செல்லப்பிள்ளை

ஒரு படிப்பைக் கவனித்துக்கொள்ள ஓர் அமைச்சகம் போதும் என்று ஊர் உலகம் நினைக்கிறது. கிளினிக்கல் சைக்காலஜி விஷயத்தில் நம் நாடு அப்படிக் கஞ்சத்தனம் காட்டவில்லை. பட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் யு.ஜி.சி. கல்வி அமைச்சகத்தைச் சேர்ந்தது. பதிவெண் தரும் இந்திய மறுவாழ்வு கவுன்சில், சமூக நீதி அமைச்சகத்தின் கீழ் வருகிறது. படித்து முடித்தவர் யார், அவர் என்ன செய்யலாம் என்று சொல்லும் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமோ சுகாதார அமைச்சகத்தின் சொத்து. இத்தனை பெரியவர்கள் இருக்கும் வீட்டில் வளர்ப்புக்குக் குறை வருமா? 2021-இல் துணை மருத்துவத் துறைகளுக்கென்று தனி ஆணையச் சட்டம் வந்து, உளவியலாளர்களைச் சேர்த்துக்கொண்டது. அப்போதும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டை மட்டும், இருக்கும் வீட்டிலேயே இருக்கட்டும் என்று பக்குவமாக விட்டுவைத்தார்கள்.

வளர்ப்பின் முதல் பாடம் பொறுமை. இளங்கலை 3 ஆண்டு, முதுகலை 2, அதன்மேல் எம்.ஃபில். 2. மொத்தம் 7 ஆண்டுதான். எம்.ஃபில். இடங்களைக் கை விரல்களில் எண்ணிவிடும் அளவுக்கு வைத்திருப்பதால், பலருக்கு நுழைவுத் தேர்வுக்கென்று கூடுதலாகச் சில ஆண்டுகளும் கிடைக்கின்றன. அந்த ஆண்டுகளில் தூக்கம் போகும், சோறு இறங்காது, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகவே பயம் வரும். நாளை தன் எதிரே உட்காரப்போகிறவரின் கஷ்டத்தை மாணவர் இப்படி உடம்பாலேயே படித்துவிடுகிறார். பாடத்திட்டத்தில் எழுதாமலே நடக்கும் செய்முறைப் பயிற்சி இது.

இடம் கிடைத்தவரின் பாக்கியத்தைப் பார்க்க ஓர் அரசு மருத்துவமனை ஓ.பி.க்குப் போகவேண்டும். உதவித்தொகைக்குச் சான்றிதழ் வேண்டி மகனைக் கூட்டிவந்திருக்கிறார் ஓர் அப்பா. பயிற்சி மாணவி மேசைமேல் வண்ணக் கட்டைகளைப் பரப்பி, அட்டையில் இருப்பதுபோல அடுக்கச் சொல்லிவிட்டு ஸ்டாப்வாட்ச்சை அழுத்துகிறார். "ஊசி போடமாட்டீங்களா டாக்டரம்மா?" என்று அப்பா கேட்கிறார். அதற்குள் கதவருகே இன்னும் பத்துப் பேர். சான்றிதழுக்கு ஐ.க்யூ. எண் வேண்டும், அதனால் சோதனைகள் நடந்தே தீரும். மனசுவிட்டுப் பேசவேண்டும் என்று வந்த பெண்ணுக்கு மட்டும் "அடுத்த வாரம் வாங்கம்மா." ஏழாண்டு கற்ற உளசிகிச்சையை மூன்றே சொல்லில் சுருக்கும் இந்தக் கலை வேறெங்கும் கைவராது.

எல்லாவற்றிலும் உயர்ந்த பாடம் நிலையாமை. எம்.ஃபில். வேண்டாம் என்றது 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை. 2022-இல் யு.ஜி.சி. விதியும் அதை எடுத்துவிட்டது. 2023 டிசம்பரில், எம்.ஃபில்.லில் யாரும் சேராதீர்கள் என்று எச்சரிக்கை வந்தது. 2024 ஜனவரியில், கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநல சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 வரை செல்லும் என்று இன்னொரு அறிவிப்பு வந்தது. மனநலச் சட்டமோ எம்.ஃபில். என்ற பெயரை எழுத்துக்கு எழுத்து காப்பாற்றி வைத்திருக்கிறது. சித்தர்கள் மலையேறித் தேடியதை நம் மாணவர்கள் சுற்றறிக்கையிலேயே பெற்றுவிடுகிறார்கள்.

இந்தச் செல்லமெல்லாம் கிடைக்காத அநாதைகளும் இருக்கிறார்கள். வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கி, பேருந்து நிலையத்துக்கு எதிரே 'மனநல ஆலோசகர்' என்று பலகை மாட்டியவர்கள். எந்த அமைச்சகமும் தத்தெடுக்காததால் பாவம், அவர்கள் இன்றைக்கே தொழில் தொடங்க வேண்டியதாகிவிடுகிறது. மணிக்கணக்கில் பேசவும் அவர்களுக்கு நேரம் இருக்கிறது.

நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, நோயைப் பொறுத்து 100-க்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை இல்லாமலே இருக்கிறார்கள். இதைக் குறையாகப் பேசுவது நன்றிகெட்டதனம். தகுதியில்லாதவர் கையில் நோயாளி சிக்கிவிடக் கூடாது என்பதற்காகத்தானே இத்தனை விதிகள்? தகுதியுள்ளவர் கையிலும் சிக்கிவிடாமல் அல்லவா காப்பாற்றி வைத்திருக்கிறோம்!