ஐந்தாம் வேற்றுமையும் ஆறு மேலாளர்களும்

ஐந்தாம் வேற்றுமைக்கு நன்னூல் நான்கு பொருள் சொல்கிறது: நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தவர்களுக்கு மலையின் வீழ் அருவியும், பாலின் வெளிய கொக்கும், மதுரையின் வடக்கே இருக்கும் சிதம்பரமும், கல்வியிற் பெரிய கம்பனும் நினைவிருக்கலாம். பவணந்தி முனிவர் கால்பந்து பார்த்தவர் என்பதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் ஒரு கால்பந்து மேலாளர் வேலையிலிருந்து தூக்கப்படுவது நீங்கல். அடுத்து வந்தவரோடு சேர்த்துத் தராசில் ஏற்றப்படுவது ஒப்பு. யாரும் தாண்ட முடியாத இடத்தில் ஓரிருவர் சிலையாக நிற்பது எல்லை. இன்றைய தோல்விக்கு நேற்றையவரே காரணம் என்று கண்டுபிடிக்கப்படுவது ஏது. நான்கும் ஒரே வேற்றுமைக்குள் அடங்கிவிடுவதைத் தற்செயல் என்று தள்ளிவிட இவ்வாய்வாளரின் மனம் ஒப்பவில்லை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கிளப் மான்செஸ்டர் யுனைடெட். சரக்கு அங்கேதான் அதிகம். அலெக்ஸ் ஃபெர்குசன் 1986 நவம்பரில் வந்து 2013 மே மாதம் ஓய்வு பெற்றார். 1,500 ஆட்டம், 13 லீக் பட்டம். அவர் எழுந்த நாற்காலியில் 2024 நவம்பர் முடிவதற்குள் ஆறு நிரந்தர மேலாளர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்: டேவிட் மோயஸ், லூயி வான் ஹால், ஜோசே மொரீனியோ, ஒலே குன்னர் சோல்ஷார், எரிக் டென் ஹாக், ரூபன் அமோரிம். ‘நிரந்தர’ என்ற சொல்லை இங்கே அகராதிப் பொருளில் கொள்ளக்கூடாது. ஒருவரே ஆண்ட 26 வருஷம் ஒப்பிடப் புது ஆள் கிடைக்காமல் கிடந்த ரசிகர்கள் அந்தப் பாக்கியை இப்போது வட்டியோடு தீர்க்கிறார்கள்.

ஆட்டம் முடிந்து ஓல்டு டிராஃபோர்டு மைதானத்திலிருந்து டிராம் நிறுத்தத்துக்கு நடக்கும் கூட்டத்தின் பேச்சை வடிகட்டினால் ஒரே ஒரு நூற்பா தேறும்:

தோற்பவன் காலத்துத் தோற்றவன் சிறக்கும்.

இந்நூற்பா என்னுதலிற்றோ எனின், இன்று தோற்றுக்கொண்டிருப்பவரைப் பார்க்கப் பார்க்க நேற்றுத் தோற்றவர் தேவலை என்று தோன்றும் என்பது உணர்த்துதல் நுதலிற்று. ‘சிறக்கும்’ என்றமையால், அவர் பதவியில் இருந்த காலத்தில் சிறக்கவில்லை என்பதும் பெறப்படும். மாமியார் செத்து ஆறாம் மாதம் மருமகள் கண்ணில் தண்ணீர் வந்த கதைதான். கால்பந்தில் ஆறு மாதம்கூட வேண்டாம். சொந்த மைதானத்தில் இரண்டு தோல்வி போதும்.

முதல் சான்று மொரீனியோ. 2017-18 பருவத்தில் அவருடைய அணி 81 புள்ளி எடுத்து இரண்டாம் இடம் வந்தது. முதலிடம் பிடித்த பக்கத்து வீட்டுக்காரரான மான்செஸ்டர் சிட்டி எடுத்தது 100. 2018 டிசம்பரில் மொரீனியோவுக்கு வேலை போனது. அடுத்த மாதம் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், அந்த இரண்டாம் இடம் தன் தொழில் வாழ்க்கையின் பெரிய சாதனைகளில் ஒன்று என்றார். போர்ட்டோவோடு 2004இலும் இன்டர் மிலானோடு 2010இலும் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கியவர் இப்படிச் சொன்னால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? சிரித்தது. சிரித்தவர்கள் அப்புறம் ஆறாம் இடம் பார்த்தார்கள், எட்டாம் இடம் பார்த்தார்கள், 2024-25இல் பதினைந்தாம் இடமும் பார்த்தார்கள். இப்போது அதே வாக்கியத்தை முகத்தைச் சுளிக்காமல் மேற்கோள் காட்டுகிறார்கள்.

இந்த 81 என்ற எண்ணுக்கு யுனைடெட் வட்டாரத்தில் ஒரு சிலேடை உண்டு. மொரீனியோவுக்கு அது புள்ளி. மோயஸுக்கு அது கிராஸ். 2014 பிப்ரவரி 9 அன்று லீக் பட்டியலின் அடியில் கிடந்த ஃபுல்ஹாம் ஓல்டு டிராஃபோர்டுக்கு வந்தது. யுனைடெட் பந்தை வலது பக்கம் கொண்டுபோய்க் கோல் முகத்துக்குத் தூக்கி அடித்தது. ஃபுல்ஹாம் தலையால் முட்டி வெளியே அனுப்பியது. பந்து திரும்பி வந்தது. இடது பக்கத்திலிருந்து மறுபடி தூக்கி அடித்தது. இப்படியே 81 தடவை. ஒருவழியாக இரண்டு கோல் அடித்து 2-1 என்று முன்னிலை பெற்ற பிறகு, கூடுதல் நேரத்தில் டேரன் பென்ட் தலையால் முட்டிச் சமன் செய்துவிட்டார். ஆட்டம் 2-2. மோயஸின் பத்து மாதத்தை விவரிக்க ரசிகருக்கு அதன்பின் வேறு ஆதாரம் தேவைப்படவில்லை.

ஆனால் நூற்பாவை மறக்கக்கூடாது. மோயஸ் 34 லீக் ஆட்டத்தில் 57 புள்ளி எடுத்தார். 2024-25 பருவத்தில் அமோரிம் பொறுப்பில் நடந்த லீக் ஆட்டம் 27. எடுத்த புள்ளியும் 27. தலைக்கு ஒன்று என்று பந்தியில் வடை வைத்ததுபோல் அத்தனை துல்லியம். மோயஸின் 57 அன்றைக்கு மானக்கேடாக இருந்தது. பதினொரு வருஷத்தில் அது பழைய சோற்றுப் பானையில் கிடந்த வைரமாகிவிட்டது.

எண்ணை நம்பி முழுவதுமாக இறங்கினால் வேறு விபரீதம் காத்திருக்கிறது. கிளப்பின் பழைய மேலாளர் மாட் பஸ்பி 1,141 ஆட்டத்தில் 576 வென்றார், நூற்றுக்கு 50.5. மோயஸ் 51 ஆட்டத்தில் 27, நூற்றுக்கு 52.9. வான் ஹால் 103இல் 54, நூற்றுக்கு 52.4. ஆகவே, ஐந்தாம் வேற்றுமையின் ஒப்புப் பொருளில் சொன்னால், மோயஸ் வான் ஹாலின் நல்லர், பஸ்பியின் மிக நல்லர். இந்த முடிவை ஆய்வேட்டில் எழுதலாம். மைதானத்துக்கு வெளியே சர் மாட் பஸ்பி வே என்று பெயர்ப்பலகை வைத்த தெருவில் நின்று உரக்கச் சொல்லக்கூடாது.

ரசிகர் எதைக் கொண்டுதான் எடைபோடுகிறார் என்பதற்கு 1970களில் ஒரு நல்ல ஜோடி கிடைக்கிறது. டாமி டோச்சர்டி 1972 டிசம்பரில் வந்தார். 1974இல் அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. கிளப்பையே கீழே இறக்கியவரை ஊரை விட்டு விரட்டியிருக்க வேண்டும், நடந்தது நேர்மாறு. இரு ஓரமும் சிறகடிக்கும் இளம் அணியோடு மறு வருஷமே மேலே ஏறினார். 1977இல் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் லிவர்பூலை 2-1 என்று வீழ்த்தினார்; அந்தப் பருவத்தில் லீக் பட்டமும் ஐரோப்பியக் கோப்பையும் வென்ற லிவர்பூலின் மூன்றாவது கிண்ணத்தைத் தட்டிவிட்டது அந்த ஆட்டம். அவருக்குப் பின் வந்த டேவ் செக்ஸ்டன் 1979-80இல் லிவர்பூலுக்கு இரண்டே புள்ளி பின்னால் இரண்டாம் இடம் வந்தார். 1981இல் கடைசி ஏழு ஆட்டத்தையும் வரிசையாக வென்றார். ஏழாவது வெற்றியின் ஈரம் காய்வதற்குள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

இறக்கிவிட்டவர் பெயரைச் சொன்னால் பெரியவர்கள் முகம் மலர்கிறது. இரண்டாம் இடம் வந்தவர் பெயரைச் சொன்னால் ‘நல்ல மனுஷன்’ என்று சொல்லிவிட்டு அடுத்த பியருக்குப் போகிறார்கள். நல்ல மனுஷன் என்பது கால்பந்து ரசிகர் அகராதியில் பாராட்டுச் சொல் ஆகாது. ஆட்டம் தூக்கம் வரவழைத்தது என்பதன் இடக்கரடக்கல்.

நீங்கல் பொருளுக்கு வருவோம். இங்கே எஃப்.ஏ. கோப்பையின் ராசியைத் தனியே ஆராய வேண்டியிருக்கிறது. டோச்சர்டி 1977 மே மாதம் கோப்பையை வென்றார், ஜூலையில் நீக்கப்பட்டார். அதற்குக் காரணம் ஆட்டம் இல்லை, கிளப்பின் பிசியோதெரபிஸ்டுடைய மனைவியோடு ஏற்பட்ட காதல். வான் ஹால் 2016 மே 21 அன்று வெம்பிளியில் அதே கோப்பையை வென்றார். 23ஆம் தேதி நீக்கம். டென் ஹாக் 2024 மே மாதம் இறுதியில் மான்செஸ்டர் சிட்டியையே தோற்கடித்தார், அக்டோபரில் போனார். இந்தக் கோப்பையை வெல்லும் யுனைடெட் மேலாளர் வாடகை வீட்டுக்கு முன்பணம் கொடுக்காமல் இருப்பது நல்லது.

வான் ஹாலைப் பற்றி ஒரு சொல். ரசிகர்கள் இன்றும் நினைத்துச் சிரிப்பது அவர் கீழே விழுந்த காட்சியை. 2016 பிப்ரவரியில் ஆர்சனல் ஆட்டக்காரர் வேண்டுமென்றே சாய்கிறார் என்று நான்காம் நடுவருக்கு விளக்க, 64 வயது மனிதர் கையில் கோப்போடு கோட்டோரத்தில் அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்து காட்டினார். அவருடைய அணி பந்தைப் பக்கவாட்டில் உருட்டியே காலம் தள்ளியது என்பது பொதுக் குற்றச்சாட்டு. அந்தப் பருவத்தில் மைதானத்தில் மேலிருந்து கீழாக நடந்த துரிதமான நகர்வு அதுதான் என்று சொல்வோரும் உண்டு.

ஏதுப் பொருளில்தான் வழக்கறிஞர் வேலை அதிகம். மூழ்கும் ஒவ்வொரு மேலாளருக்கும் ஆதரவாக ஒரே ஒரு முன்தீர்ப்பு நீட்டப்படும்: ஃபெர்குசனுக்கும் நேரம் கொடுத்தார்களே! வழக்கின் விவரம் இது. 1989 டிசம்பர் 9 அன்று கிரிஸ்டல் பேலஸிடம் சொந்த மைதானத்தில் 2-1 தோல்வி. கூட்டத்தில் ஒரு ரசிகர் துணியில் எழுதி உயர்த்தினார்: மூன்று வருஷச் சாக்குப்போக்குக்குப் பிறகும் ஆட்டம் குப்பைதான், போய்வாரும் என்ற பொருளில். நாலு வாரம் கழித்து, 1990 ஜனவரி 7 அன்று, எஃப்.ஏ. கோப்பையில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் மைதானத்தில் மார்க் ராபின்ஸ் அடித்த ஒற்றைக் கோலால் யுனைடெட் பிழைத்தது. மே மாதம் அதே கிரிஸ்டல் பேலஸைத் தோற்கடித்துக் கோப்பை வந்தது. லீக்கில் அந்தப் பருவம் பதின்மூன்றாம் இடம் என்பதை வாதி பெரும்பாலும் சொல்வதில்லை, அல்லது அதையே பெரிதாகச் சொல்வார். ராபின்ஸ் கோல் விழாவிட்டாலும் ஃபெர்குசன் வேலைக்கு ஆபத்து இருந்திருக்காது என்று அன்றைய தலைவர் மார்ட்டின் எட்வர்ட்ஸ் பின்னாளில் சொன்னார். அதைக் கேட்டுக்கொள்ள யாரும் தயாராக இல்லை. கதையின் சுவை போய்விடும்.

எதிர்வாதியிடமும் ஏது இருக்கிறது. ஃபெர்குசன் விட்டுப்போன அணிக்கு வயதாகிவிட்டது, மோயஸ் பாவம் என்பார் ஒருவர். 2005இல் கடன் வாங்கிக் கிளப்பை வாங்கி அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டிய கிளேசர் குடும்பம்தான் எல்லாவற்றுக்கும் மூலம் என்பார் இன்னொருவர். இந்த இரண்டாமவர் வந்து உட்கார்ந்தால் மேலாளர் ஒப்பீடு அதோடு முடிந்தது. பேச்சு வட்டி விகிதத்துக்குப் போய்விடும்.

இடைக்கால மேலாளர்களால் ஆய்வுக்குப் பெரும் இடைஞ்சல். 2021இல் மைக்கேல் காரிக் மூன்று ஆட்டம் பார்த்துக்கொண்டார், தோல்வி இல்லை. 2024இல் ரூட் வான் நிஸ்டல்ராய் நான்கு ஆட்டம், தோல்வி இல்லை. சோல்ஷாரும் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தார். 2019 மார்ச் 6 அன்று பாரிசில் பி.எஸ்.ஜி.யை 3-1 என்று கவிழ்த்த இரவில், ஒப்பந்தத்தை மேசை மேல் வையுங்கள், வேண்டிய தொகையை அவரே எழுதிக்கொள்ளட்டும் என்று கிளப்பின் முன்னாள் ஆட்டக்காரர் ரியோ ஃபெர்டினாண்ட் தொலைக்காட்சியில் உருகினார். அந்த மாதமே மூன்று வருஷ ஒப்பந்தம் கையெழுத்தானது. பருவம் முடிவதற்குள் தரம் இறங்கிய ஹடர்ஸ்ஃபீல்டோடு சமன்; தரம் இறங்கிய கார்டிஃபிடம் தோல்வி. ‘தற்காலிக ஒலே’, ‘நிரந்தர ஒலே’ என்று ரசிகர்கள் ஒரே ஆளை இரண்டாகப் பிரித்து ஒப்பிடுவது அன்று தொடங்கியது. முன்னாள் மேலாளர் கிடைக்காத அவசரத்துக்கு அதே மேலாளரின் முன்பாதியே போதும்.

எல்லைப் பொருளில் மட்டும் குரல் தணிகிறது. 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக் விமான விபத்தில் 23 பேர் இறந்தார்கள். அதில் எட்டுப் பேர் பஸ்பி வளர்த்த ஆட்டக்காரர்கள். அவரும் சாவின் விளிம்புக்குப் போய்த் திரும்பினார். பத்து வருஷம் கழித்து வெம்பிளியில் பென்ஃபிகாவை 4-1 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையைப் பெற்றார். 50.5 என்ற எண் பப் மேசைக்கு ஏன் வருவதே இல்லை என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இன்னொரு எல்லை உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும். ஓல்டு டிராஃபோர்டில் மேலாளர் அமரும் இருக்கை தெற்குப் பக்கம். நேர் எதிரே வடக்கு ஸ்டாண்டு. அதன் நெற்றியில் பெரிய எழுத்தில் சர் அலெக்ஸ் ஃபெர்குசன் என்று 2011இலிருந்து எழுதியிருக்கிறது. நிமிர்ந்தால் பெயர். முதுகுக்குப் பின்னால், இயக்குநர்கள் வரிசையில், பல ஆட்டங்களில் அந்த ஆளே உட்கார்ந்திருப்பார், வாயில் சூயிங்கம்மோடு.

விடைபெற்ற அன்று ஃபெர்குசன் மைக்கைப் பிடித்து, புது மேலாளருக்குத் துணை நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மைதானத்தின் ஸ்ட்ரெட்ஃபோர்டு எண்டு பக்கத்தில் மோயஸ் முகத்தோடு ‘தேர்ந்தெடுக்கப்பட்டவர்’ என்று பதாகை தொங்கியது. 2014 மார்ச் 29 அன்று, ஆஸ்டன் வில்லா ஆட்டத்தின்போது, ‘தவறான ஆள், மோயஸே வெளியேறு’ என்று வால் கட்டிக்கொண்டு ஒரு சிறு விமானம் மைதானத்தின் மேல் வட்டமடித்தது. கீழே இருந்தவர்களில் பலர் விமானத்தைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். அன்று யுனைடெட் 4-1 என்று வென்றது. ஏப்ரல் 22 அன்று மோயஸ் நீக்கப்பட்டார். ஆறு வருஷ ஒப்பந்தத்தில் ஐந்து வருஷம் மிச்சம்.

2025 நவம்பர் 24 அன்று அவர் எவர்ட்டன் மேலாளராக அதே மைதானத்துக்கு வந்தார். பதின்மூன்றாம் நிமிடம் எவர்ட்டனின் இட்ரிசா கேயே தன் அணிக்காரர் மைக்கேல் கீனையே கன்னத்தில் அறைந்து சிவப்பு அட்டை வாங்கிப் போனார். மீதி ஆட்டம் முழுக்கப் பத்துப் பேர். டியூஸ்பரி-ஹால் ஒரு கோல் அடித்தார். அந்த ஒன்றைக் கடைசிவரை கட்டிக்காத்து எவர்ட்டன் 1-0 என்று வென்றது. எதிரணி மேலாளராக ஓல்டு டிராஃபோர்டில் மோயஸ் பெற்ற முதல் லீக் வெற்றி அது. எதிரே வடக்கு ஸ்டாண்டின் எழுத்துகள் விளக்கொளியில் எரிந்துகொண்டிருந்தன. டிராம் நிறுத்தத்தை நோக்கி நடந்த கூட்டம் 57ஐ 34ஆல் வகுக்க ஆரம்பித்திருந்தது.